பெரட்டுக்கு வயிற்றைப் பெரட்டுது

உலகத்தில் இரண்டே இரண்டு பிரச்சினைகள்தான் உண்டு, ஒன்று தூக்க வேண்டியது, இன்னொன்று இறக்க வேண்டியது என்று கண்டுபிடித்துச் சொன்ன ஒரே மேதை எங்கள் ராயபுரம் கிரேன் மாமுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவர்கள் ‘ஹபேஸ்’ என்று கத்தினால் தூக்க வேண்டும், ‘ஆரியா’ என்று கத்தினால் இறக்க வேண்டும். எந்தக் காலத்துக் கப்பல்காரன் கரையில் விட்டுப்போன வார்த்தைகளோ, தெரியாது. மாமு இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். எழுந்தால் ஹபேஸ், பாயில் விழுந்தால் ஆரியா. ஏன் மாமு கல்யாணமே பண்ணிக்கலை என்று ஒருமுறை கேட்டேன்.

“லோடு ஜாஸ்தி மாடி. நம்ம கிரேனு தாங்காது.”

மாடி என்பது அடியேன். தொண்ணூறுகளின் கடைசியில் தென்காசிப் பக்கத்திலிருந்து கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலைக்கு வந்து, மாமு வீட்டு மாடி அறையில் குடியேறினேன். பி.காம். பட்டத்தோடு சேர்த்து என் பெயரைச் சொன்னேன். “அத்த நீயே வெச்சிக்க நைனா. மாடில கீற, மாடி” என்று விஷயத்தை முடித்துவிட்டார். ஒரே வாரத்தில் தெருவே என்னை மாடி என்றது. தபால்காரர் உட்பட.

அப்படியிருக்க ஒரு நாள் மாமு வேலை முடிந்து ஒரு ஷூ பெட்டியோடு வந்தார். பெட்டி தானாக நகர்ந்தது. நான் படியில் பாதி ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். உள்ளே நீளமாக, வெள்ளையும் பழுப்புமாக, கீரியைத் துவைத்துச் சுருங்கப் போட்டது மாதிரி ஒரு ஜந்து. வெளிநாட்டுக் கப்பல் சமையல்காரன் ஒருவன் அதை ரகசியமாக வளர்த்திருக்கிறான். கேப்டன் கண்ணில் பட்டுவிட்டது. கடலில் வீசு என்றிருக்கிறார். அவன் மனசு கேட்காமல் மாமு கையில் கொடுத்து, ‘ஃபெரட், ஃபெரட்’ என்று சொல்லி அழுதிருக்கிறான்.

“பெரட்டு, பெரட்டுன்றான் மாடி. அவன் வேற சமையக்காரன். வளக்கறதுக்குக் குட்த்தானா, வாணல்ல போட்டுப் பெரட்டறதுக்குக் குட்த்தானா, ஒண்ணும் பிரியல.”

அந்த நேரத்தில் அது பெட்டியிலிருந்து வெளியே வந்து, மாமுவின் சட்டைக்குள் ஏறி, கழுத்து வழியாகத் தலையை நீட்டி அவர் தாடையை நக்கியது. அத்தோடு வாணல் பேச்சு போயிற்று. பெயர் மட்டும் பெரட்டு என்றே நின்றது.

மாமு என்ன தின்றாரோ அதையே பெரட்டும் தின்றது. காலையில் டீயில் நனைத்த பொறை பிஸ்கட், மதியம் சாம்பார் சாதம், ராத்திரி பரோட்டா சால்னா. ஒரு மாதத்தில் அதன் வயிறு துறைமுகத்து வேலைநிறுத்தம் மாதிரி ஆகிவிட்டது. எதுவும் ஒழுங்காக உள்ளே போவதில்லை, எதுவும் ஒழுங்காக வெளியே வருவதில்லை. வாந்தியெடுத்தால் மாமு “ஹபேஸ்!” என்று அலறுவார். கீழ்ப்பக்கம் போனால் “ஆரியா!” பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது என் வேலை. காலையில் குழாயடியில் ஜனங்கள் குடத்தை வைத்துவிட்டு முதலில் இதைத்தான் கேட்பார்கள்: “மாமு, இன்னிக்கி ஹபேஸா, ஆரியாவா?”

சிரித்துக்கொண்டிருந்த தெரு ஒரு கட்டத்தில் சிரிப்பதை நிறுத்தியது. பெரட்டின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. மாமு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாட்டு டாக்டர் இருந்தார். அவர் அதுவரை பார்த்ததிலேயே சிறிய நோயாளி கன்றுக்குட்டி. மஞ்சள் பையிலிருந்து மாமு எடுத்து மேஜைமேல் விட்டதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

“என்னய்யா இது?”

“பெரட்டு சார்.”

“வியாதியை அப்புறம் சொல்லு. பிராணி என்ன?”

“பிராணிதான் சார் பெரட்டு. பெரட்டுக்குத்தான் பெரட்டுது.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். பெரட்டின் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். முகம் மாறியது. “இப்படியே போனா இது தாங்காதுப்பா. சோறு, பரோட்டா, பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்து. இனிமே பச்சையாத்தான் குடுக்கணும். ஒரேயடியா மாத்தாதே, வயிறு ரொம்ப வீக். கொஞ்சங்கொஞ்சமா மாத்து.” அதற்குள் வாசலில் காத்திருந்த எருமை ஒன்று பொறுமை இழந்து சுவரை இடித்தது. டாக்டர் அதைப் பார்க்க ஓடிவிட்டார்.

திரும்பும் ஷேர் ஆட்டோவில் மாமு என் காதில் கேட்டார். “பச்சையான்னா... பச்சையாதானே மாடி?”

“பச்சைன்னா பச்சைதான் மாமு” என்றேன், பி.காம். கம்பீரத்தோடு.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து அரைக்கீரை, கொத்தமல்லி, பச்சைப் பட்டாணி, பச்சை வாழைப்பழம் எல்லாம் வந்து இறங்கின. டாக்டர் சொல்லை மாமு ஒரு எழுத்து மீறவில்லை. முதலில் பரோட்டாவுக்கு மேல் ஒரே ஒரு கொத்தமல்லித் தழை. அப்புறம் பாதி பரோட்டா, பாதி கீரை. பிறகு பரோட்டா ஓய்வு பெற்றது. தட்டு முழுக்கப் பச்சை. பாவம், தட்டையும் பச்சை பிளாஸ்டிக்கில் புதிதாக வாங்கியிருந்தார்.

பெரட்டு தட்டைப் பார்த்தது. மாமுவைப் பார்த்தது. பிறகு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தது. அது பச்சையாகத் தின்ன முயன்ற முதல் மாமிசம் என் கால் கட்டைவிரல்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம் வீரம் என்ற பகுதியில் சேராது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டாக வேண்டும் என்று கத்தியபடி ஒற்றைக் காலில் தெருமுனைவரை போனேன். அங்கே கோழிக்கடை பாய் என்னைப் பிடித்து நிறுத்தி, விரலைப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. அதுவும் தயங்கித் தயங்கித்தான் வந்தது. பின்னாலேயே மாமு, பெரட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். டாக்டர் சொன்னது, கீரை கொடுத்தது எல்லாவற்றையும் பாய் கேட்டார். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். சிரிக்கும்போது கையில் கத்தி இருப்பது ஆபத்து என்று அவருக்குத் தெரியும்.

“யோவ் மாமு, பச்சையான்னா வேக வெக்காம, பச்சக் கறியாய்யா! டாக்டரு இன்னா கலரா சொன்னாரு?”

மாமு தோளில் கிடந்த பெரட்டைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இம்மா நாளா நான் வெச்சது?”

“ஆட்டுத் தீனி.”

பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இப்போதுதான் ஆரம்பித்தது. வானத்தில் உட்கார்ந்து டன் கணக்கில் தூக்கி இறக்குகிற மாமுவுக்கு, பச்சைக் கறியைப் பார்த்தால் கண் இருட்டும். பாய் ஒரு ஈரலை எடுத்துக் காட்டியதுமே கடை பெஞ்சில் ஆரியா ஆகிவிட்டார். குழம்பில் மிதந்தால் வெளுத்துக்கட்டுவார். ரத்தத்தோடு பார்க்கத்தான் ஆகாது.

எனவே ஒரு ஏற்பாடு செய்தோம். மாமு சுவரைப் பார்த்து நிற்பார். கையைப் பின்பக்கமாக நீட்டி, இடுக்கியில் கறித்துண்டைத் தொங்கவிடுவார். எதிரே நான் உட்கார்ந்து குரல் கொடுப்பேன். “ஆரியா... ஆரியா... கொஞ்சம் இடது... ஆரியா... நிறுத்துங்க!” தட்டில் டொப். பாதி நாள் என் மடியில் டொப். பெரட்டு தட்டென்றும் மடியென்றும் வித்தியாசம் பார்க்கிற ஜாதியில்லை. நான் எழுந்து குதிப்பேன். மாமு திரும்பாமலே கேட்பார்: “லோடு எறங்கிச்சா?”

கொஞ்சங்கொஞ்சமாக மாற்று என்றாரே டாக்டர், அதில் மாமு காட்டிய நுணுக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. முதலில் நன்றாக வேகவைத்த கோழி. அப்புறம் பாதி வெந்தது. அடுத்து, வெந்நீரில் முக்கி எடுத்தது. அதற்குப் பிறகு வெந்நீருக்குக் காட்டி எடுத்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, இடுக்கியில் பிடித்த கறிக்கு வெந்நீர் இருக்கும் திசையைக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், திசையைக் காட்டினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஹபேஸ் உண்டா, ஆரியா உண்டா என்று பார்த்து, வயிறு சம்மதித்த பிறகே அடுத்த கட்டம். குழாயடியில் கேட்டால், “ரெண்டும் இல்ல, சைலண்டு!” என்று பதில் சொல்லும்போது மாமுவின் நெஞ்சு ஒரு அங்குலம் உயரும்.

முழுக்க முழுக்கப் பச்சையாகக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. பார்த்து ஞாயிற்றுக்கிழமை, மாமுவுக்கு ஷிப்ட். “மாடி, உன்ன நம்பித்தான் போறேன். கண்ட மாதிரி மெர்சலாவாத, இன்னா?” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாய் கொடுத்த ஈரலையும் கழுத்துக் கறியையும் தட்டில் வைத்தேன். பெரட்டு ஒரு துணுக்கு விடாமல் தின்றது. வாயைத் துடைத்துக்கொண்டது. இரண்டு சுற்று சுற்றியது. பொத்தென்று விழுந்தது.

கூப்பிட்டேன். அசையவில்லை. தொட்டேன். தூக்கினேன். பிழிந்த துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். தண்ணீர் தெளித்தேன், விசிறினேன், வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தேன். வெங்காயத்தில் என் கண்தான் கரித்தது. அள்ளிக்கொண்டு பாயிடம் ஓடினேன். அவர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், அது தொப்பென்று விழுந்தது. “மௌத்தாயிட்ச்சி போல கீதேப்பா” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பெரட்டை அவர் கடை பெஞ்சில் துண்டு விரித்துக் கிடத்திவிட்டுத் துறைமுக வாசலுக்கு ஓடினேன். என் நுழைவு பாஸ் வீட்டில் இருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. மூச்சு வாங்க அவரிடமே சொன்னேன்: “கிரேன் மாமுகிட்ட சொல்லுங்க. மாடி சொன்னான், செத்துப்போச்சுன்னு. உடனே வரணும்.”

காவலாளி ஒரு டிரெய்லர் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சைகைக்காரரிடம் சொன்னார். சைகைக்காரர் கடற்காற்றுக்கு எதிராக, கிரேன் உச்சியைப் பார்த்துக் கத்தினார். இடையில் உதிர்ந்தது போக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டே வார்த்தை.

நான் கடைக்குத் திரும்பி, பெரட்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஜந்து எனக்குப் பிடிக்காது, அது நனைத்த பாயைச் சுருட்டிச் சுருட்டி முதுகு போயிற்று. இருந்தும் ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று தெரியவில்லை. வெங்காயம்தான், வேறென்ன.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மாமு இறங்கினார். ஒரு காலில் மட்டும் பூட்ஸ். முகமெல்லாம் கிரீஸும் கண்ணீரும். கையில் ரோஜா மாலை. அந்த நிலையிலும் எனக்கு முதலில் பட்டது மாலையின் நீளம்தான். பெரட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மாலை? என் கழுத்தில் போட்டாலே முழங்காலைத் தொடும்.

மாமு என்னைப் பார்த்தார். மாலை கை நழுவியது.

“டேய்... நீ சாவல?”

“நான் எதுக்கு மாமு சாவணும்? பெரட்டு...”

“‘மாடி செத்துப்போச்சு’ன்னு சொன்னானுங்களேடா!”

பளாரென்று ஒரு அறை விழுந்தது. அடுத்த நொடி, அறைந்த கையாலேயே என்னைப் பிடித்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார். “கஸ்மாலம்... பேமானி... ஒங்க ஊருக்கு யார்டா தந்தி குடுக்கறதுன்னு ஆட்டோல பொலம்பிகினே வர்றேன்...” அவருக்கும் எனக்கும் நடுவில் மாட்டிய பெரட்டு ‘க்ரிக்’ என்று ஒரு சத்தம் போட்டது. வாயை மண்டை பிளக்கிற அளவுக்குத் திறந்து கொட்டாவி விட்டது. அந்த ஜாதி வயிறு நிறைந்தால் பிணம் மாதிரித்தான் தூங்குமாம். டாக்டர் பிறகு எங்கேயோ படித்துச் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்றுவரை சிரிப்பு ஓயவில்லை என்றுதான் கேள்வி. மாமு மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய் பக்கம் திரும்பினார். வெட்டுமரத்தில் கறி கிடந்தது. பார்வையைக் கூரைக்குத் தூக்கிக்கொண்டு, “பாய், கறி போடு” என்றார்.

“எவ்ளோ மாமு?”

“வூட்ல மூணு பேரு. ஒத்தன் பச்சையா துன்னுவான். ரெண்டு பேருக்கு வேக வெக்கணும்.”

அதுவரை நான் தெருக்கோடி மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு மெஸ்ஸுக்குப் போவது நின்றது.