காசிம் மச்சானுக்கும் தொண்ணூற்றாறு மில்லி ஓமுக்கும் சம்பந்தமில்லை

கீழ்பென்னாத்தூர் காசிம் மச்சான் அவர்களுக்கு, திருவண்ணாமலையிலிருந்து சாந்த் பாஷா சொல்ல, மருமக சதஃப் எழுதும் கடிதம்.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உங்க சர்க்கரையும் தங்கச்சி சுல்தானாவோட தோள்வலியும் கம்மியாச்சானு தெரிஞ்சுக்க ஆசை. போன் பண்ணினா கட் பண்றீங்க. கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க.

போன செவ்வாக்கிழமை நடந்ததை வரிசையா சொல்றேன். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரங்களுக்கு பேட்டரி சைக்கிள் வாடகைக்கு விடற இனியன், பேட்டரி படுத்துட்டா என்கிட்டதான் கொண்டு வருவார். பிரிச்சா உள்ளே நாப்பது லித்தியம் செல், ஒவ்வொண்ணும் கட்டைவிரல் தடிமன். நல்லதைப் பொறுக்கி வேற பேட்டரி கட்டணும். வோல்ட்டைப் பார்த்து எதையும் நம்ப முடியாது மச்சான், செல்லுக்கு உள்ளே இருக்கற தடையை அளக்கணும், அது கம்மியா இருந்தா செல் வாலிபம், ஜாஸ்தியானா கிழடு, கிழடு வெளியே முழு வோல்ட்டு காட்டும், மோட்டாரை இழுக்கச் சொன்னா உக்காந்துடும். மொதல்ல சாதா மீட்டரை ஓம்ஸுல வச்சு செல்லைத் தொட்டேன், அது கண்டதையும் காட்டிட்டு கண்ணை மூடிடுச்சு. அப்புறம் இனியன் நாலு ஒயர் மீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தார். ரெண்டு ஒயர் கரண்ட்டை ஓட்டும், ரெண்டு ஒயர் வேடிக்கை பார்த்துச் சொல்லும்.

"செல் மேல நம்பர் ஒட்டி நோட்டுல எழுதுங்க பாய்"னார் இனியன். நான் எங்கே எழுதறது? மீட்டர்ல வர்ற நம்பரைப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனா ஒரு பேரோட சேர்த்து எதைச் சொன்னாலும் மறக்க மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். நம்ம பேத்தி நூரைன் நிக்காவுக்குக் கூப்பிட வேண்டியவங்க நாப்பது பேரை மனசுல வரிசையா வச்சிருந்தேன். அதே வரிசையில செல்லுக்கெல்லாம் பேர் வச்சுட்டேன், இனியன்கிட்டயும் சொல்லியிருந்தேன். டீக்கடை மாறன் முப்பத்தொண்ணு மில்லி ஓம், என் மகன் சல்மான் இருபத்தெட்டு, சுல்தானா பத்தொம்பது, வேங்கிக்கால் சகாதேவன் நாப்பத்தொண்ணு. உங்க பேர் விழுந்த செல் தொண்ணூத்தாறு காட்டிச்சு. பேர் வச்சது மொதல்ல, அளந்தது அப்புறம். இதை நல்லா மனசுல வாங்கிக்குங்க.

அப்போதான் இனியன் போன் பண்ணினார். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவேன், கத்தித்தான் பேசுவேன்.

"எல்லாம் தேறுமா பாய்?"

"முக்கால்வாசி தேறும். இந்த காசிம்தான் மோசம்."

"என்ன காட்டறான்?"

"தொண்ணூத்தாறு! வெளியே பளபளன்னு இருக்கான், ஒரு வேலை குடுத்தா படுத்துடறான்."

"தூக்கி மணல் வாளியில போடுங்க."

"போடறேன். சுல்தானாதான் தங்கம். இத்தனை வருஷம் இவன் பக்கத்துல கிடந்தும் கெடல. இனிமே இவன்கூட விட்டா அவளையும் இழுத்துடுவான். பிரிச்சு நல்லவனா ஒருத்தன்கூடச் சேர்த்துடலாம்."

"சகாதேவன்?"

"அவன் அவளுக்கு ஈடு குடுக்க மாட்டான்."

வாசல்ல தொப்புனு சத்தம். வந்து பார்த்தா வேகவச்ச மல்லாட்டைக் கடலை ஒரு பை, தெருமுனையில உங்க ரெண்டு பேர் முதுகு. நீங்க வந்து நின்னது சத்தியமா எனக்குத் தெரியாது. எதிர் டீக்கடை மாறன் சொல்றான்: "உங்க தங்கச்சி அழுதுக்கிட்டே போச்சு பாய். இந்த வயசுல அண்ணன் எனக்கு வேற மாப்பிள்ளை பார்க்கறாருன்னுச்சு." மீட்டரைக் கழுத்துல மாட்டினபடியே, நாலு ஒயரும் தொங்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நொண்டிக்கிட்டு ஓடி வந்தேன். அவசரத்துல கையில எடுத்தது அந்தச் செல்லைத்தான். ஜன்னல்ல அதைத் தூக்கிக் காட்டி "மச்சான், இதுதான் நீங்க!"னு கத்தினேன். விளக்கமா சொல்லத்தான் கத்தினேன். பஸ்ஸே திரும்பி உங்களைப் பார்த்துச்சு. நீங்க ஜன்னலைச் சாத்திட்டீங்க. கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரே, பேட்டரியைக் காட்டி மிரட்டாதீங்க"ன்னான்.

இப்போ விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் மருதாணி. முதல் பொட்டு சுல்தானா அத்தம்மாதான் வைக்கணும்னு நூரைன் பிடிவாதமா நிக்கிறா. "அத்தம்மா வரலைன்னா வெறுங்கையோட நிக்காவுக்கு உக்காருவேன்"னுட்டா. இந்த ஒரு வாரமா என்கூடப் பேசறதும் இல்ல. குழந்தை கை வெறுங்கையா இருக்கறது என் வாயாலங்கறதை நினைச்சா சோறு இறங்கல மச்சான்.

பெரியவங்களுக்கு சலாம், சின்னதுங்களுக்கு துஆ. அல்லாஹ் உங்க ரெண்டு பேரையும் நூறு வருஷம் ஒரே இடத்துல சேர்த்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சாந்த் பாஷா (கைநாட்டு)

பி.கு.: சதஃப் எழுதினதை முழுக்கப் படிச்சுக் காட்டினா. பேர் வச்சது மொதல்ல, அளந்தது அப்புறம்ங்கற இடத்துல நிறுத்தச் சொன்னேன். "மாமா, இதை அடிச்சுடட்டுமா"ன்னா. வேணாம்மா, கீழே எழுதுன்னேன். மச்சான், அளந்தது மொதல்ல. தொண்ணூத்தாறு வந்ததும் யாரு பேர் வைக்கலாம்னு யோசிக்கக்கூட இல்ல. இரண்டாயிரத்து மூணு, சல்மான் கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்க ரெண்டு தேக்சா கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு, அத்தர் பூசிக்கிட்டு வெறுங்கையோட வந்து, பந்தி ரெண்டு மணிநேரம் தள்ளிப்போனதே, அதுதான் நாக்குல வந்து நின்னுச்சு. அதுக்கு ஏழு வருஷம் கழிச்சு நான் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பதினோரு நாள் தரையில பாய் போட்டுப் படுத்து என்னைத் தூக்கி உக்கார வச்சதும் நீங்கதான். அதுவும் எனக்கு நாள் கணக்கா ஞாபகம் இருக்கு. இருந்தும் தேக்சாதான் முந்திக்கிச்சு. பொய் சொல்லிக் கூப்பிட்டு உங்களை மருதாணிக்கு உக்கார வைக்க எனக்கு மனசு வரல. சனிக்கிழமை வாங்க. வந்து என்னைத் திட்டறதா இருந்தா வாசல்லயே நின்னு சத்தமா திட்டுங்க. நான் உங்களைக் கத்திப் பேசினதைத் தெருவே கேட்டுச்சு, இதையும் கேக்கட்டும்.