குழாயே இல்லாத வீட்டில் ஏர் போன சங்கதி

ஊரிகம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கௌதமன் மச்சானுக்கு, வேலாயுதம் எழுதுவது. ஜெய்பீம். தங்கள் தங்கை கண்மணி நலம். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம், நம் தங்கச் சுரங்கத்தின் கோரமண்டல் பகுதியிலிருந்து, நேற்று நம் தென்றலைப் பெண் பார்க்க வந்தது. அது கைநழுவிப் போய்விடும் போலிருக்கிறது. வாரமெல்லாம் ரயிலில் பெங்களூர் போய் வருகிற பெண், லீவு நாளில் தூங்கினோமா என்று இருக்காமல், புழக்கடையில் கோழிவலையை வளைத்து ஆள் உயரத்துக்கு ஒரு தட்டு கட்டி வைத்திருக்கிறாள். "இன்னாமா இது?" என்றேன். "ரேடியோ தொலைநோக்கிப்பா. வானத்தைக் காதால கேக்கறதுக்கு" என்றாள். அமெரிக்காவில் ஜான்ஸ்கி என்று ஒருவராம். டெலிபோன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கம்பெனி சொன்னதாம். கார் சக்கரத்தின் மேல் ஏரியலை ஏற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், இடிச் சத்தம் போக மிச்சம் ஒரு சத்தம் பால்வீதியிலிருந்தே வந்ததாம். "கம்பெனி இன்னா கொடுத்துது?" என்றேன். "வேற வேலை கொடுத்துது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு ரீபர் என்று ஒருவர், தாயார் வீட்டுத் தோட்டத்திலேயே பெரிய தட்டு கட்டித் தனியாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நம் பெண் பிடித்துக்கொண்டது இவர்களைத்தான்.

நேற்று காபி கொடுத்து முடித்ததும், மாப்பிள்ளை சஞ்சய் பெண்ணோடு பேசட்டும் என்று இருவரையும் உள் அறைக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தென்றல்தான் புழக்கடைத் தட்டிலிருந்து ஒயர் இழுத்து மாட்டிய ரேடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எனக்கு அதெங்கே தோன்றியது? சுரங்கத்தில் காற்றுக்குழாய் ஃபிட்டராக இருந்து, குழாய் விட்டுப்போனால் வரும் இதே சத்தத்துக்கு ஓடிப் பழகிய உடம்பு, தானாக எழுந்து, "ஏர் போவுது, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திவிட்டது. வந்தவர்களும் மைனிங் குடும்பம்தானே, ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சம்பந்தி மனோகர் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார், சம்பந்தியம்மா தாயம்மா பஜ்ஜித் தட்டோடு ஓடினார். தெருவில் நின்று, ஷிப்ட் முடிந்து ஆள் எண்ணுவதுபோல மனோகர் எண்ணிப் பார்த்து, "ரெண்டு பேர் குறையுது" என்றார். அப்போதுதான் நம் வீட்டில் ஏது காற்றுக்குழாய் என்று எனக்கு உறைத்தது. பெற்ற பெண்ணை உள்ளே விட்டுவிட்டு ஓடி வந்த அப்பன் நான். திரும்ப உள்ளே ஓடினேன்.

அங்கே பார்த்தால், மாப்பிள்ளை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு கூச்சலிலும் பெண்ணை விட்டு நகராத தைரியத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. தாயம்மாவோ தென்றல் சொன்ன ஜான்ஸ்கி, ரீபர் கதையையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தத் தோட்டத்து ஆளுக்குக் கல்யாணம் ஆச்சாமா?" என்றார். நம் பெண் சும்மா இருந்திருக்கலாம். "அது தெரிலீங்க. எவ்ளோ தூரத்துச் சத்தம் கேட்டாருன்னு தெரியும், சொல்லட்டுங்களா?" என்றாள். போன் பண்ணுகிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஆகவே மச்சான், உடனே புறப்பட்டு வாங்க. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். அந்தத் தட்டைப் பிரித்துப் போட்டு, அவர்கள் காலில் விழுந்தாவது அந்தத் தங்கமான பையனை முடித்து வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வேலாயுதம்

பி.கு.: கவரை ஒட்டும் முன் மனோகர் போன் செய்தார். முழுச் சம்மதமாம். ஓடிப்போய்த் தென்றலிடம் சொன்னேன். "அவரு தைரியமா உக்காரலப்பா. காதுல குட்டியா ஒண்ணு மாட்டிக்கினு மேட்ச் கேட்டுக்கினு இருந்தாரு. நீ கத்தினது கேக்கல. நான் பேசினதும் கேக்கல" என்றாள். நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அவசியம் வாங்க, வரும்போது கோழிவலை கொண்டு வாங்க. தட்டை இன்னும் அகலமாகக் கட்டப் போகிறோம்.