மாமன் மடிக்குப் பதில் கம்பெனி டி-ஷர்ட்

தொழிலாளியின் பால்ய நினைவுக்கு உலகத்திலேயே உரிய மரியாதை கிடைக்கும் இடம் ஒரகடம்தான். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. அங்கே கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில், வெள்ளிக்கிழமைதோறும் ஷிஃப்ட் தொடங்குமுன் ‘மனம் திறப்போம்’ என்றொரு வைபவம் நடந்தது. ஆளுக்கொரு சிறுவயதுக் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்கலங்க வேண்டும். கலங்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. உணர்ச்சிக்கு விலை வைப்பது கம்பெனியின் பண்பாடு அல்ல.

கோவில்பட்டிப் பக்கத்து அருள்பாண்டி தன் முறை வந்ததும் கூச்சத்தோடு எழுந்தான்.

“எனக்குக் காது குத்தும்போது தாய்மாமா வரல. லாரி ஓட்டிக்கிட்டு இருந்தாவ. முதலாளி லீவு குடுக்கல. மாமன் மடி இல்லாம எப்படிக் குத்த? மாமா சட்டைய மனப்பலகையில விரிச்சு, அதுமேல என்னய உக்கார வச்சுக் குத்திட்டாவ. அந்த டீசல் வாட இன்னும் மூக்குலயே நிக்குது.”

மனிதவள அதிகாரி மதிவதனி நிஜமாகவே அழுதுவிட்டார். “அந்த முதலாளிக்கு மனசாட்சியே இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. கதைக்கு முதல் பரிசு. ஆண்டு விழாவில் டைரக்டர்கள் முன்னிலையில் மறுபடி சொல்ல வேண்டும் என்று உத்தரவானது.

அருள்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா பாண்டிச்செல்வியின் மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. தாய்மாமன் அவன் ஒருவன்தான். இப்படி அழுகிறவர்களா லீவு தரமாட்டார்கள்?

சூப்பர்வைசர் குமாரவேல் லீவு விண்ணப்பத்தில் தேதியைப் பார்த்ததும் சிரித்தார். “இன்னாப்பா நீ! அன்னிக்குத்தான் ஆண்டு விழா. உன் மூஞ்சி பேனர்லயே கீது.”

மதிவதனியிடம் ஓடினான்.

“லீவு சான்ஸே இல்ல அருள். வராம போனா காண்ட்ராக்ட் ரினியூ ஆகாது. ஆனா நாங்க மனசில்லாதவங்களா?” என்றபடி அலமாரியிலிருந்து புது டி-ஷர்ட் ஒன்றை எடுத்தார். நெஞ்சில் கம்பெனிப் பெயர். கீழே, ‘உன் கதை எங்கள் சொத்து’. “இதை ஊருக்கு அனுப்புங்க. பேரு தெரியிற மாதிரி விரிக்கச் சொல்லுங்க. போட்டோ கண்டிப்பா வேணும்.”

அக்காவுக்கு போன் போட்டான். “தேதியத் தள்ளி வைக்க முடியுமாக்கா?”

“ஏலே, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சி. பிள்ள ‘மாமா மடியில உக்காந்தா வலிக்காதுல்லாம்மா’ன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்லட்டும்?”

அவனுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

விழா மேடையில், “முதலாளி லீவு குடுக்கல” என்ற இடத்தில் கதை நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. என்ன தத்ரூபம்! டைரக்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இறங்கும்போது போனில் படம் வந்திருந்தது. மனைப்பலகை, அதன் மேல் டி-ஷர்ட், அதன் மேல் வாயைப் பிளந்து கதறும் பிள்ளை.

மதிவதனி எட்டிப் பார்த்தார். “சூப்பர்! பேரு பளிச்னு தெரியுது.”

கம்பெனியின் தொலைநோக்கை மெச்சத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையும் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். மனம் திறக்கச் சொன்னால் சொல்ல இப்போதே கதை தயார். அன்றைக்கும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசாட்சியில்லாத அந்த முதலாளி யார் என்று கேட்பார். அவள் யோசிக்கவே வேண்டாம். சட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.