அரைமணி பாயின் ஆடு

தாம்பரம் வட்டாரத்தில் கடிகாரத்தை அடியோடு தோற்கடித்த ஒரே மனிதர் எங்கள் அரைமணி பாய்தான். முடிச்சூரில் ஸ்கூட்டர் மெக்கானிக். பிரேக் ஒயர் மாற்ற வேண்டுமா, இன்ஜினையே இறக்க வேண்டுமா, எதுவானாலும் "அரைமணி நேரம் சார், டீ குடிச்சிட்டு வா" என்பார். குடித்துவிட்டுப் போனால் வண்டி பிரித்துக் கிடக்கும். மறுநாளும் அப்படியே கிடக்கும். அடுத்த வாரம் போனால், "லேசா ஒரு சத்தம் வருது சார், அது போவட்டும்" என்பார். எனக்குக் கேட்காத சத்தமெல்லாம் அந்த மனிதருக்கு மட்டும் எப்படித்தான் கேட்குமோ! வேலை முடியாத வண்டியை, நாம் தலைகீழாக நின்றாலும் வெளியே விடமாட்டார்.

பட்டறைக்குப் பின்னால் பாய்க்குக் கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டு பக்கமும் அடுக்குமாடி, நடுவே அவருடைய கீரைப் பாத்தியும் நாலைந்து ஆடுகளும். நிலத்தை விலைக்குக் கேட்டு வந்த பில்டரிடமும், "யோசிச்சிச் சொல்றேன், அரைமணி கழிச்சி வா" என்றாராம். அந்த ஆள் இன்னும் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்.

போன பக்ரீத்துக்கு ரொம்ப முன்னாலேயே, பாயின் மைத்துனர் சலீம் குர்பானி பலிக்கென்று ஒரு செம்மறிக் கிடாவை வாங்கி இங்கே கட்டிவைத்தார். அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பக்கத்து மனையில் தோண்டியிருந்த அஸ்திவாரக் குழியில் விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டது.

"நொண்டி ஆடு குர்பானிக்கு ஆவாது மச்சான்," என்றார் சலீம். "பண்டிகைக்குள்ள கால் சரியானா குர்பானி. இல்லாங்காட்டி கறிக்கடைக்குத் தள்ளிட வேண்டியதுதான்."

பாய் ஆட்டைப் பார்த்தார். ஆடு பாயைப் பார்த்தது. "அரைமணி நேரம் மச்சான், ரெடி பண்ணிடறேன்," என்றார் பாய்.

கால்நடை டாக்டர் வந்து கட்டுப் போட்டுவிட்டு, காலை ஊன்ற விடாதீர்கள் என்று சொல்லிப் போனார். உடனே பாய், இன்ஜின் தூக்கும் சங்கிலியில் கோணிச் சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி ஆட்டை அதில் நிறுத்திவிட்டார். ரிப்பேருக்கு விட்டிருந்த என் வண்டியைக் கேட்கப் போனால், கூரைக்குக் கீழே ஆடு, கொளுத்தும் வெயிலில் என் ஸ்கூட்டர்.

"என்ன பாய் இது அநியாயம்?"

"ஆட்டுக்கு டபுள் ஸ்டாண்ட் போட்டுக்கீறேன் சார். சும்மா பேஜார் பண்ணாத. அதுக்கு வலி கீது. உன் வண்டிக்கு வலிக்குதா?"

பாய் ஆட்டுக்குத் தன் கையாலேயே அகத்திக்கீரை ஊட்டினார். தன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். கட்டு அவிழ்த்த பிறகு தினமும் காலையில் தெருவில் ட்ரையல். "மெல்ல வா ராசா, ஃபர்ஸ்ட் கியர்லயே வா" என்று பின்னாலேயே நடப்பார். ராசா நடந்தது, ஓடியது, ஒருநாள் எட்டிக் குதித்து என் ஸ்கூட்டர் சீட்டைக் கடித்துத் தின்றது. ஆடு பரிபூரண குணமாகிவிட்டது என்று எனக்கு அன்றே தெரிந்துபோயிற்று.

பாய்க்கும் தெரிந்தது. அன்றிலிருந்து மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. பாவம், காலைச் சரியாக்கியும் அதன் உயிரைக் காப்பாற்ற முடியாதே என்ற வேதனை.

பண்டிகைக்கு முதல் நாள் சலீம் லோடு ஆட்டோவோடு வந்தார். கிடா துள்ளிக் குதித்து வந்து பாயின் லுங்கியில் முட்டியது.

"சூப்பரா ஓடுதே மச்சான்! ஏத்திடவா?"

பாய் குந்தி உட்கார்ந்து, ஆட்டின் பின்னங்காலில் காதை வைத்தார். சத்தியமாக வைத்தார்.

"லேசா ஒரு சத்தம் வருது மச்சான். வேலை இன்னும் முடியல. முடியாத வேலைய நான் வெளிய வுட்டதில்ல, உனக்கே தெரியும்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சலீம் பாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் குந்தி உட்கார்ந்து, அதே காலில் காதை வைத்தார்.

"ஆமா மச்சான், சத்தம் வருது," என்றார். "நீ பொறுமையா பாரு. நான் வேற ஆடு பாத்துக்கறேன்."

இன்றைக்கு ராசா பட்டறையில் கொழுகொழுவென்று திரிகிறது. நான் மாற்றிய புது சீட்டையும் தின்றுவிட்டது. போன வாரம் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"இந்த ஆடு எப்பதான் பாய் ரெடியாகும்?"

ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அரைமணி நேரம் சார்."

என் வண்டி எத்தனை நாள் கிடந்தாலும் பரவாயில்லை, இந்த அரைமணி மட்டும் முடியவே கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டு, டீ குடிக்கப் போனேன்.