இணைப்பில் கண்டவாறு ஒரு பாலம்

நுவாரா பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்து அலுத்துப்போய், நாற்பத்தைந்தாவது வயதில் புகைப்பட வகுப்பில் சேர்ந்தாள். நானும் அதே வகுப்புதான். எங்கள் கான்ஸ்டன்டைன் நகரில் திரும்பின பக்கமெல்லாம் பாலம். ஆகவே முதல் வீட்டுப்பாடம் ஒரு பாலம். படம் தராதவருக்குச் சான்றிதழ் கிடையாது.

அவள் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனதும் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பாலம் தேசத்தின் சொத்து, அதைப் படம் எடுக்க அனுமதி தேவை என்று பணிவுடன் தெரிவித்து, அலுவலகத்துக்கு வழியும் சொன்னார்.

அங்கே லாரூசி என்ற அதிகாரி பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் இனிப்பைத் தின்றபடி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"எடுக்கப்போற படத்தோட பிரதி மூணு இணைக்கலையே, அக்கா?"

"இன்னும் எடுக்கலையே சார். எடுக்கத்தானே அனுமதி கேக்குறேன்."

"என்ன எடுக்கப்போறீங்கன்னு பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு ஏதாவது ஆனா என் தலைதான் உருளும்."

"அப்ப எடுத்துட்டு வரட்டுமா?"

"அனுமதி இல்லாமயா? பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க."

மூன்று நாள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். நாலாம் நாள், அலுவலக வாசல் கடையில் அதே பாலத்தின் தபால் அட்டை மூன்று வாங்கி ஒட்டிக் கொடுத்தாள்.

"பாருங்க, மனசு வெச்சா முடியுது" என்று லாரூசி முத்திரை குத்தினார். அனுமதி, 'இணைப்பில் கண்டவாறு மட்டும்'.

இணைப்பில், பாலத்தின் மேல் ஒரு சிவப்புப் பேருந்தும் இடது ஓரத்தில் ஒரு நாரையும் இருந்தன. போலீஸ்காரர் அட்டையைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்றார். பேருந்து வந்தால் நாரை இல்லை. நாரை வந்தால் பேருந்து இல்லை. இரண்டாம் வாரம் போலீஸ்காரருக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. "தங்கச்சி, தயாரா இரு, ஒண்ணு பறந்து வருது" என்பார். பதினேழாம் நாள் இரண்டும் சேர்ந்து வந்தன. சட்டென்று அழுத்தினாள். போலீஸ்காரர் படத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்பில் மற்ற பத்துப் பேரும் அதே கடையில் அட்டை வாங்கித்தான் அனுமதி பெற்றிருந்தோம். ஆனால் நாங்கள் யாரும் பாலத்துக்குப் போகவில்லை. நான் அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஒரே சொடுக்கில் எடுத்து முடித்தேன்.

கண்காட்சியில் பதினோரு படங்களும் வரிசையாகத் தொங்கின. தலைமை விருந்தினர் லாரூசி ஒவ்வொன்றையும் இணைப்போடு சரிபார்த்தார். நுவாராவின் படத்தருகே நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"நாரை கொஞ்சம் ஆடியிருக்கே அக்கா. விதிக்குப் பொருந்தல."

முதல் பரிசு எனக்கு. எல்லோரும் கைதட்டினார்கள், நுவாராவும்தான். பிறகு என் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"இவ்வளவு துல்லியமா எடுத்திருக்கீங்களே அண்ணா, எத்தனை நாள் காத்திருந்தீங்க?"

"கணக்கே வெச்சுக்கலம்மா" என்றேன்.

இந்த வருஷம் அந்த வகுப்புக்கு ஆசிரியர் நான். நுவாரா மறுபடி சேர்ந்திருக்கிறாள். முதல் பெஞ்சு.