வீரம்மாளை 'வாங்க' என்ற வாரம்

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யமுனா அக்காவுக்கு,

வேணி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இளவேனில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று தனியாக எழுது. போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்திலேயே "அதெல்லாம் சரிடி, வீரம்மா வருமா வராதா, அதைச் சொல்லு" என்பாய். அந்தப் பதில் கடைசியில்தான் வருகிறது. தயவுசெய்து வரிசையாகப் படி.

இளவேனிலின் பிரசவத்துக்கு வீரம்மாளை மூன்று மாதம் சென்னைக்கு அனுப்பச் சொன்னாய். நானும் "அதுக்கென்னக்கா, அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வீரம்மாள் அப்போது பக்கத்தில் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எங்கள் கல்லூரியில் ஒரு பயிலரங்கு. நமக்கே தெரியாமல் நமக்குள் இருக்கும் பாரபட்சங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தலைப்பு. பிரான்சி என்ற பயிற்சியாளர் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு குறிப்பும் இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு கணினியில் முகங்களைக் காட்டி, இடது பொத்தான், வலது பொத்தான் என்று அழுத்தச் சொல்லும் ஒரு சோதனையை வைத்தார். நான் இருபத்து மூன்று வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவள். ஒருத்தி பொத்தானை எவ்வளவு வேகமாக அழுத்தினாள் என்பதை வைத்து அவள் மனதை அளக்க முடியாது என்று எழுந்து சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க மேடம். அளவுகோல் நீங்களே செஞ்சுக்குங்க. ஒரு வாரம் உங்களை நீங்களே அளந்து பாருங்க" என்றார்.

எனக்கு அளக்க எதுவும் இருக்காது என்ற தைரியத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டேன். யாரை 'நீ' என்கிறேன், யாரை 'நீங்க' என்கிறேன், அவ்வளவுதான். மூத்தவர்களுக்கு நீங்க, இளையவர்களுக்கு நீ என்று வரும் என்பது என் எதிர்பார்ப்பு. நம்மை அப்படித்தான் வளர்த்தார்கள். வாரக் கடைசியில் பார்த்தால், வங்கியில் உட்கார்ந்திருக்கும் பையன், என் மாணவனாக இருந்திருக்க வேண்டியவன், "சொல்லுங்க சார்" பக்கம் இருக்கிறான். ஆட்டோ ஸ்டாண்டு அம்மாசி, அறுபதைத் தாண்டியவன், "வாப்பா" பக்கம் இருக்கிறான். என் வாயிலிருந்து வரும் மரியாதைக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. இஸ்திரி போட்ட சட்டைக்கும் அதற்கும் அசாத்திய சம்பந்தம். நெருக்கத்தால் நீ என்கிறோம் என்று சமாதானம் சொல்லலாம், உன்னையும் நீ என்றுதானே எழுதுகிறேன். ஆனால் நீ என்னைத் திருப்பி நீ என்கிறாய். அம்மாசி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இதைவிடச் சங்கடம், இரண்டு கட்டத்திலும் அடங்காமல் ஓர் ஆள் மிஞ்சியது. வீரம்மாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பதினான்கு வருடத்தில் அவளை நான் நீ என்றதில்லை, நீங்க என்றதும் இல்லை. "வந்தாச்சா?" "சாப்பாடு ஆச்சா?" "நாளைக்குச் சீக்கிரம் வரணும்." எந்த வாக்கியத்திலும் ஆளே கிடையாது. நீ என்று சொல்லவிடாமல் படிப்பு தடுத்திருக்கிறது. நீங்க என்று சொல்லவிடாமல் தடுத்தது எது என்று யோசித்தேன், விடை பிடிக்கவில்லை. திங்கள்கிழமை முதல் எல்லோருக்கும் நீங்க என்று முடிவு செய்தேன்.

காலையில் வீரம்மாள் வந்தாள். "வாங்க வீரம்மா, உக்காருங்க, காபி குடிச்சிட்டு வேலையைப் பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "யாரும்மா வந்திருக்காங்க?" என்றாள். யாரும் வரவில்லை என்றேன். நின்றுகொண்டே குடித்துவிட்டு, அன்றைக்குப் பார்த்து அடுப்பங்கரை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து அடுக்கினாள். அம்மாசியிடம் "போகலாங்களா?" என்றேன், பாலம் தாண்டும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். "என்ன டீச்சர், எம்மேல எதும் கோவமா?" என்றான். வகுப்பில் பிரவீன்ராஜ் என்று ஒரு பையன், தாமதமாக வந்தான், "நீங்க போய் உக்காருங்க" என்றேன், அவ்வளவுதான் அக்கா சொன்னேன், அவன் உட்காரவில்லை, வெளியே போய் அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் சமயபுரத்தில் பூக்கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு அடித்துப் பிடித்து வந்து துறை வாசலில் நின்றார். "நீக்குறதா இருந்தா பரிச்சை முடிஞ்சு நீக்கிடுங்கம்மா" என்றார். உங்கள் மகனுக்கு மரியாதை கொடுத்தேன் என்று அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. "அவனுக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமையும் விடாமல் "வாங்க, உக்காருங்க" என்றேன். புதன்கிழமை வீரம்மாள் வரவில்லை. வியாழனும் இல்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பாத்திரம் தேய்ப்பது எனக்குப் பெரிய விஷயமில்லை, தேய்த்துவிட்டேன்; ஆனால் அந்த டப்பாக்கள் ஒரே வரிசையில் துடைத்து அடுக்கியிருந்ததைப் பார்க்கப் பார்க்க, வீட்டைக் காலி செய்கிறவர்கள் இப்படித்தான் துடைத்து வைப்பார்கள் என்று தோன்றிப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேடிப் போகக் கிளம்பியபோதுதான் எனக்கு அவள் வீடு தெரியாது என்பது தெரிந்தது. அம்மாசிக்குத் தெரிந்திருந்தது. கொள்ளிடக் கரைப் பக்கம், அவன் தெருவுக்கு அடுத்த தெரு.

"பதினாலு வருசமா வந்துட்டுப் போகுது, வீடு தெரியாதுங்கறீங்க" என்றான்.

வீரம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள். "எதுக்கும்மா அலையுறீங்க. நீங்களா சொல்றதுக்கு முன்னாடி நானே நின்னுக்கலாம்னுதான்" என்றாள்.

"எதைச் சொல்றதுக்கு முன்னாடி?"

"தில்லை நகர்ல எட்டு வருசம் பாத்தேன்ல. அந்தம்மா எட்டு வருசமும் ஏய், இந்தான்னுதான் கூப்புட்டாங்க. ஒரு நா வாங்க வீரம்மா, உக்காருங்கன்னாங்க. அன்னிக்கே சேலை ஒண்ணு குடுத்து, நாளையிலேருந்து நீங்க வர வேணாம்னுட்டாங்க. நீங்களும் போன்ல அக்காகிட்ட அனுப்பிடுறேன்னு சொன்னீங்க. அப்புறம் பாத்தா வாங்கன்னீங்க. நாக்காலி போட்டீங்க. சேலைதான் பாக்கி."

வேலையை விட்டு அனுப்புவதல்ல, சென்னைக்கு அனுப்புவது என்றேன். சொல்லும்போதே அதுவும் அவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை. அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு பெண் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள், நிறைமாதம் மாதிரி வயிறு.

"என் மருமக. எட்டு முடியப்போவுது" என்றாள் வீரம்மாள். "உங்க அக்கா பொண்ணுக்கும் இதே கணக்குதானம்மா? அதுக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருச்சா?"

இளவேனிலுக்குக் கால் வீங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு ஒரு மருமகள் இருப்பதே எனக்குத் தெரியாது. "ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"வரியான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க அனுப்பிடுறேன்னீங்க" என்றாள்.

சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

ஆகவே அக்கா, வீரம்மாள் சென்னைக்கு வரமாட்டாள். நீ வேறு ஆள் பார்த்துக்கொள். நாளை முதல் இங்கே வேலைக்கு வருகிறாள். மருமகளுக்கு வலி எடுத்தால் இரண்டு மாதம் விடுப்பு, அதை அவளே சொன்னாள், நான் தலையாட்டினேன். வாங்க என்று கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "ஒரு மாசம் போகட்டும்மா, பழகிக்கிறேன். நாக்காலி மட்டும் வேணாம்" என்றாள். ஓர் உபகாரம். நீ அவளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "அது வருமா" என்று கேட்கிறாய். குறையாகச் சொல்லவில்லை. நோட்டில் கோடு போட்டுப் பார் என்று மட்டும் சொல்கிறேன். எனக்கு அது நிரம்பக் கண்ணைத் திறந்தது, இனி இந்த விஷயத்தில் என்னிடம் தவறு வராது.

இளவேனில் சுகமாகப் பெற்றெடுக்க ரங்கநாதர் துணை இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தங்கை,
வேணி

பி.கு. உறையில் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிரான்சி 'வந்திருந்தார்', 'பேசினார்', 'என்றார்'. என்னைவிட இருபது வயது சின்னவர். பூக்கடைக்காரர்கூட 'நின்றார்'. அறுபதைத் தாண்டிய அம்மாசி 'வந்தான்', 'என்றான்'. வீரம்மாள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வந்தாள், துடைத்தாள், சொன்னாள். ஓர் இடத்தில்கூட என் பேனா 'ர்' போடவில்லை. திருத்தலாம் என்று ஒரு தாளில் 'வீரம்மாள் சொன்னார்' என்று எழுதிப் பார்த்தேன். வேலையை விட்டு அனுப்புகிற கடிதம் மாதிரி இருந்தது. அதனால் அப்படியே அனுப்புகிறேன். படித்து வரும்போது உனக்கும் ஓர் இடத்திலும் உறுத்தவில்லை என்றால் எழுது, பிரான்சியின் நம்பர் தருகிறேன்.