கனமில்லாத பக்கெட்

இனிமேல் தன் கை பென்சிலைத் தவிர வேறெதையும் தூக்காது என்று ஜெய்சங்கர் அறிவித்தது, மோட்டார் எரிந்துபோன அதே சனிக்கிழமை காலையில். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. தண்ணீரோ கீழே அடிபம்பில்.

மனைவி உமாமகேஸ்வரி சரி என்று சொல்லிவிட்டு, காலி டிரம்மின் மூடியைத் திறந்து வைத்தாள்.

சாக்கு என்றாலும் உண்மையான சாக்கு. தில்லைநகரில் லூர்துராணி டீச்சரிடம் அவன் கையால் வரையும் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தான். இப்போதைய பாடம்: ஒருவன் நிறைந்த பக்கெட்டைத் தூக்கி நடக்க வேண்டும். அசைவுக்கு ஒரு தாள். போன வாரம் இவன் காட்டியதைப் பார்த்துவிட்டு, பக்கெட்டில் கனமே இல்லை, பூக்கூடை மாதிரி போகிறது என்றுவிட்டார் டீச்சர். இன்று மாலை ஐந்துக்குள் கனம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பந்து துள்ளும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கணும். ரயில்வே ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் திங்கட்கிழமை எந்த முகத்தோடு போவான்?

வரைந்தான். அழித்தான். தாள் கிழிந்தது. பக்கெட் மட்டும் காற்றில் மிதந்தது.

உமா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பக்கெட்டத் தூக்கறப்ப இன்னொரு கை எங்க இருக்கும்?"

தெரியவில்லை.

"தோள் எந்தப் பக்கம் இறங்கும்?"

அதுவும் தெரியவில்லை. செய்துபார்த்து, வீடியோ எடுத்து, அதைப் பார்த்துதான் வரையணும் என்று டீச்சர் சொன்னதை ஒப்புக்கொண்டான்.

"அப்ப வாங்க. நான் எடுக்கறேன். தல வேண்டாம், அதுல கனம் ஏற்கெனவே நிறைய இருக்கு. தோள்லேருந்து கால் வரைக்கும் தெரிஞ்சாப் போதும்."

காலி பக்கெட்டை எடுத்தான். காலியில் கனம் வராதே என்றாள். நியாயம். கீழே போய் நிரப்பிக்கொண்டு வந்தான். நிழல் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை என்றாள். அடுத்து பக்கவாட்டில். அப்புறம் முதுகுப்பக்கம். பிறகு படியேறுவது. வந்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஒவ்வொரு தடவையும் டிரம்மில் ஊற்றிக்கொண்டாள். எதிர்வீட்டு ஃபெமினாவும் தன் டிரம்மை வாசலுக்கு உருட்டிவந்தபோது அவனுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. மணியைப் பார்த்தான். சந்தேகப்பட நேரமில்லை.

மேஜைமுன் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. ஆனால் அந்த நடுங்கிய கோட்டில்தான் முதல்முறையாகத் தோள் இறங்கியது, முழங்கால் மடங்கியது, பக்கெட் கீழே இழுத்தது. தாள்களைப் படம்பிடித்து, மணி ஐந்தடிக்குமுன் டீச்சருக்கு அனுப்பினான். வீடியோவை உமா தன் போனிலிருந்து அனுப்பினாள்.

டீச்சரின் பதிலும் அவள் போனுக்கே வந்தது. அவள் நிதானமாக வாசித்தாள்.

"சார் படம் பரவாயில்லை, பாஸ் ஆயிட்டார். வீடியோவில் தண்ணீர் தூக்குறவர் யாரு மேடம்? வருஷக்கணக்கா அதே வேலை பாத்தவர் மாதிரி இருக்கார். அடுத்த பாடம் வீடு துடைக்கிறது. அதுக்கும் அவரையே வரச்சொல்லுங்க."

ஜெய்சங்கர் வாயைத் திறப்பதற்குள், வருவார் என்று உமா பதில் போட்டுவிட்டாள்.